இரவல் காது

கடலூர் முதுநகரில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ரயில்வே கேட்டைத் தாண்டி, துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உப்புப் பூத்த சுவரோடு தனியாக நின்றது. 2010, மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். சார்லஸ் ஒரு காலிச் சாக்கும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டு வந்திருந்தான். மனைவி பிரிசில்லாவை சில்வர் பீச்சுக்குப் போகலாம் என்று சொல்லி சிதம்பரத்திலிருந்து அழைத்து வந்திருந்தான்.

சார்லஸ் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட். ஓடாத சாமானை அடிமாட்டு விலைக்கு வாங்கி ஓட வைப்பான். வீட்டில் டிவி, மிக்சி, இன்வெர்ட்டர், வாஷிங் மிஷின் எல்லாமே யாரோ கைகழுவியவை. "இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது நான் ஒருத்திதான்" என்பாள் பிரிசில்லா. "ஒன்னையும் செக் பண்ணித்தான் எடுத்தேன்" என்பான் அவன்.

இப்போதெல்லாம் அவள் அப்படிப் பேசுவதில்லை. மூன்று வருடமாகக் காது மங்கிக்கொண்டு வந்தது. நர்சரிப் பள்ளியில் எல்கேஜி டீச்சர். பதினாறு வருட வேலை. மார்ச்சில் ஒருநாள் அவள் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பிள்ளை விழுந்து உதடு கிழிந்து அழுதது. அவள் எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். சரிப்படவில்லை என்றால் வேறு ஆள்.

புதுச்சேரி டாக்டர் காது மிஷின் போட்டால் போதும் என்றார். விலையைக் கேட்டுவிட்டு சார்லஸ், பாக்கலாம் என்றான்.

கதவைத் திறந்தவள் சௌந்தரம். ஐம்பது வயதிருக்கும். பின்னால் அவள் தம்பி தமிழ்மணி. அப்பா தங்கராசு ரயில்வேயில் கார்டாக இருந்தவர். இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கூடத்துச் சுவரில் மாலை காய்ந்த போட்டோவில் இருந்தார். பிரிசில்லாவை அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

உள்ளே தைல வாசனை இருந்தது. ஜன்னல்களைத் திறந்து பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

அவள் பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவள் சார்லஸைப் பார்த்தாள். பின்பக்கம் மீனுக்கு ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடுது என்று வாயைப் பெரிதாக அசைத்துச் சொன்னான்.

டேப் ரிக்கார்டர், ஸ்டெபிலைசர், இரண்டு டேபிள் ஃபேன் சாக்குக்குள் போயின. கடைசியாக சௌந்தரம் ஒரு பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தம்பி அதைப் பிடுங்கி சார்லஸின் சட்டைப்பையில் போட்டான். ஏதோ சொல்லிச் சிரித்தான். சௌந்தரம் சிரிக்கவில்லை. போட்டோவைப் பார்க்காமல் இருக்க முயன்றதுபோல் தரையையே பார்த்தபடி சார்லஸிடம் ஏதோ சொன்னாள்.

பஸ்ஸில் பிரிசில்லா, அந்தம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றான் சார்லஸ்.

மூன்று வருடமாக எல்லோரும் அவளுக்குச் சொல்லும் பதில் அதுதான். மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள். என்ன என்று கேட்பாள். ஒண்ணுமில்ல என்பார்கள். முகத்தில் கதவைச் சாத்துவதைவிட அது சுலபம்.

பத்து நாள் கழித்து சார்லஸ் ஒரு சின்னப் பெட்டியை அவள் மடியில் வைத்தான். உள்ளே வெல்வெட் துணி. அதன்மேல் காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின், தோல் நிறத்தில்.

பாண்டியில் வாங்கியதாகச் சொன்னான். புதுசா என்று கேட்டாள். புதுசு என்றான். தலையையும் ஆட்டினான்.

அவள் அழுதாள். இருபது வருடத்தில் அந்த வீட்டுக்கு வந்த முதல் புதுப் பொருள். அவனே வலது காதில் மாட்டிவிட்டான். காதுக்குள் செருகும் அச்சு அவளுக்கென்றே வார்த்ததுபோல் பொருந்தியது. ஃபேன் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்டது. தன் புடவை உரசுவது கேட்டது. அவன் தரையில் உட்கார்ந்து அவள் பெயரை மெதுவாகச் சொன்னான். அதுவும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கத்தைக் கடைசி வரை கேட்டாள். வெளியே வந்து நாலு பேரிடம், எங்க வீட்டுக்காரரு புதுசாவே வாங்கிக் குடுத்துட்டாரு என்று சொன்னாள்.

அந்த மாதம் சிதம்பரத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மின்வெட்டு. சார்லஸ் வேலைக்குப் போயிருந்தான். பன்னிரண்டு அடித்ததும் ஃபேன் சுழன்று சுழன்று நின்றது. தெருவில் எல்லா வீட்டு ஃபேனும் நின்றது. வெயிலுக்கு நாய்கூடக் குரைக்கவில்லை.

அமைதி என்றால் என்னவென்று மறந்தே போயிருந்தது அவளுக்கு. செவிடாக இருப்பது வேறு, அமைதி வேறு. கண்ணை மூடி அதை அனுபவித்தாள்.

அப்போது அரைபடும் சத்தம் கேட்டது.

எங்கோ தூரத்தில், கெட்டியான எதையோ பற்கள் நொறுக்குவதுபோல். நின்றது. மறுபடி நொறுக்கியது. எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள். தெரு காலியாக இருந்தது.

மறுநாள் அதே நேரத்துக்கு அது வந்தது. கூடவே பேச்சுக்குரல்கள். ஒரு பெண், ஓர் ஆண். பக்கத்து அறையில் நின்று தணிந்த குரலில் பேசுவதுபோல் இருந்தது. பிரிசில்லா பக்கத்து அறைக்குப் போனாள். யாரும் இல்லை. குரல்கள் இப்போது கூடத்திலிருந்து வந்தன.

மிஷினைக் கழற்றினாள். எல்லாம் போயிற்று. மாட்டினாள்.

"மெதுவா பேசுடா. கேக்கப் போவுது" என்றது பெண் குரல்.

"இனிமே மெதுவா பேச வேணாங்க்கா" என்றது ஆண் குரல். "ஒயர அறுத்து உள்ள வெச்சிட்டேன். அவருக்கு மிஷினு கெட்டுப் போச்சுன்னு நெனப்பு."

பிரிசில்லா சுவரில் சாய்ந்தாள். ரேடியோ எதையாவது மிஷின் இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சார்லஸ் அப்படிச் சொல்லியிருக்கிறான், சில நேரம் டெலிபோன் வயரில்கூட நாடகம் கேட்கும் என்று.

மூன்றாம் நாள் தரையில் பாயை விரித்துப் படுத்திருந்தாள். மின்சாரம் போயிற்று. அரைபடும் சத்தம் வந்தது.

தரை அதிர்ந்தது.

அவள் பாதங்களுக்கு அந்த அதிர்வு தெரிந்தது. அன்று கடலூர் வீட்டில் காது அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. ஆனால் பாதத்துக்குத் தெரிந்தது. மாலை காய்ந்த போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது ஏறியது.

ஐஸ்.

அசைய முடியாமல் கிடந்தாள். குரல்கள் நெருங்கின. மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சு என்று தம்பி கேட்டான். பதினோரு நாள் என்றாள் அக்கா. இப்படியே விட்டால் தானாகவே அடங்கிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள், வீட்டை வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்றான் தம்பி. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேசினார்கள். நடுவில் ஸ்பூன் தம்ளரில் மோதும் சத்தம். காப்பி ஆற்றினார்கள்.

தைல வாசனை வந்தது.

அவள் வலது காதின்மேல் ஏதோ பட்டது. குளிர்ந்து, மடிந்து, மெத்தென்று. முதலில் கை என்று நினைத்தாள்.

கை இல்லை.

இன்னொரு காது.

யாரோ தரையில் குனிந்து, தன் காதை அவள் காதோடு ஒட்டி வைத்திருந்தார்கள். சுவருக்கு அப்பால் நடப்பதை ஒட்டுக்கேட்பவர்கள் வைப்பதுபோல். அந்தத் தலையின் கனம் மெல்ல மெல்ல அவள் தலைமீது இறங்கியது.

"என்னம்மா பேசிக்கிறாங்க?"

கிழக் குரல். காது கேளாதவர்கள் பேசுவதுபோல் உரக்க வந்தது.

மின்சாரம் வந்து ஃபேன் சுழலும் வரை அவள் அசையவில்லை.

சாயங்காலம் சார்லஸ் வந்தான். மிஷினை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். பாண்டியில் என்றான். எந்தக் கடை என்றாள். ஒரு பெயரைச் சொன்னான். பில் எங்கே என்றாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, அதன் கையை நீவி விட்டுக்கொண்டு நின்றான்.

"ஒயர அறுத்தது அந்தத் தம்பி. தமிழ்மணி" என்றாள் பிரிசில்லா.

அவன் கை சட்டையிலேயே நின்றது.

"ஒனக்கு யாரு சொன்னா?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். பவுடர் டப்பாவில் இருந்தது அதுதான். திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது உள்ளே முடி அளவு மெல்லிய ஒயர் இரண்டாக இருந்தது. தேய்ந்து அறுந்த ஒயர் நுனி பிசிறாக இருக்கும். இது பிளேடால் அறுத்தது. அறுத்த நுனிகளை மடித்து, வெளியே தெரியாமல் மூடியிருந்தார்கள். ஈயம் வைத்துப் பற்ற வைத்தான். அச்சை உப்புத்தாளால் தேய்த்தான். பெட்டியைத் தெரிந்தவன் கடையில் கேட்டு வாங்கினான்.

"செத்தவரோடத எங்காதுல மாட்டினீங்க."

"புதுசுன்னாதான் நீ போடுவ."

"அந்தம்மா கடைசியா என்னா சொன்னாங்க?"

"யாருக்கும் போட்டுடாதீங்கன்னு சொன்னாங்க."

"நான் கேட்டேன். பஸ்ஸுல கேட்டேன் ஒங்கள."

கேட்டாய் என்பதுபோல் தலையசைத்தான்.

அவள் அழவில்லை. நாலு பேரிடம் போய் புதுசு புதுசு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அவன் லென்ஸையும் சின்ன ஸ்க்ரூடிரைவரையும் எடுத்து, மிஷினை அவள் காதிலிருந்து கழற்றினான். ஏதாவது கோளாறாக இருக்கும், பார்த்துவிடலாம் என்றான். அவன் உதடுகளைப் பார்த்துத்தான் அதைப் புரிந்துகொண்டாள்.

மேசை விளக்கடியில் வைத்துத் திறந்தான்.

வெகுநேரம் குனிந்தே இருந்தான். பிறகு லென்ஸை அவளிடம் கொடுத்தான்.

ஒயர் இரண்டாக இருந்தது. இரு நுனிகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஈயம் பட்ட தடமே இல்லை.

நான் பத்த வெச்சேன், எங்கையால பத்த வெச்சேன் என்று அவன் வாய் திரும்பத் திரும்ப அசைந்தது. மூடிப் பொருத்தித் தன் காதில் வைத்துப் பார்த்தான். விரலால் தட்டினான். உதட்டைப் பிதுக்கினான். செத்த மிஷின் என்றான்.

பிரிசில்லா அதை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

ஃபேன் கேட்டது. ஜன்னலில் பல்லி கேட்டது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

அவன் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளேயிருந்து, உதடு மட்டும் அசைந்த அளவுக்கு, "பயமா இருக்கு பிரிசி" என்றான்.

"எனக்கும்" என்றாள் அவள்.

கதவு திறக்க நேரமாயிற்று.

காலையில் அதைக் குளத்தில் போட்டுவிடலாம் என்றான். இல்லை, கடலூருக்கே கொண்டுபோய் அவர்கள் முகத்தில் வீசிவிட்டு வருகிறேன் என்றான். அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது என்றாள் அவள். புதிது வாங்கித் தருகிறேன் என்றான், கடன் வாங்கியாவது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து புதிது என்ற சொல் இனி எந்தக் காலத்திலும் அவள் காதுக்குள் போகாது என்பது இருவருக்கும் தெரிந்தது. லேபுக்குப் புறப்பட்டுப் போனான்.

பன்னிரண்டு மணிக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மிஷினைக் கழற்றி வைக்கலாம். கழற்றவில்லை.

ஃபேன் நின்றது.

ஐஸ் நொறுங்கியது. அக்காவும் தம்பியும் பேச ஆரம்பித்தார்கள். இன்று அவர்கள் கடைசி நாளுக்கு வந்திருந்தார்கள். தண்ணீர் கேட்கிறார் என்றாள் அக்கா. கொடுக்க வேண்டாம் என்றான் தம்பி. அக்கா தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, சரி என்றாள்.

தைல வாசனை. நாற்காலியின் பின்னால் யாரோ நின்று குனிவது. குளிர்ந்த காது அவள் காதில் பொருந்தியது. அவருடைய மூச்சு அவள் கழுத்தில் படவில்லை. அவருக்கு மூச்சே இல்லை.

"என்னம்மா பேசிக்கிறாங்க?"

பிரிசில்லா திரும்பிப் பார்க்கவில்லை.

"எம்புள்ளைங்கதான். எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேசுறாங்க. எனக்கு ஒண்ணும் விழல" என்றார் அவர். "நான் கேட்டா கையக் காட்டிட்டுப் போயிடுறாங்க. நீயாவது சொல்லும்மா. தெரிஞ்சுகிட்டா போயிடுவேன்."

போய்விடுவார்.

அவளுக்குப் புரிந்தது. அறுந்த ஒயர் வழியாக அவளுக்குக் கேட்பதெல்லாம் இவர் கேட்க முயல்வதால் கேட்கிறது. இவர் இருக்கும் வரை கேட்கும். சொன்னால் போய்விடுவார். பிறகு இது அவள் காதில் செருகிய ஒரு பிளாஸ்டிக் துண்டு. வகுப்பின் கடைசி பெஞ்சில் தாளாளர் உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒரு பிள்ளை அழும்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவர் அசையாமல் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு அவளுக்குத் தெரியும். சுற்றிலும் உதடுகள் அசைய, யாராவது ஒருவர் தன் பக்கம் திரும்பிச் சொல்வார்கள் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு இருப்பது. மூன்று வருடம் அவள் இருந்திருக்கிறாள்.

"இன்னும் தெளிவா விழலைங்கய்யா" என்றாள் பிரிசில்லா. "நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்."

குளிர்ந்த காது மெல்ல விலகியது.

"சரிம்மா" என்றார். நம்பிக்கையோடு சொன்னார்.

ஜூனில் பள்ளி திறந்தது. தாளாளர் ஒரு பீரியட் முழுதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிரிசில்லா போர்டில் எழுதியபடியே, மூன்றாவது வரிசையில் பென்சில் விழுந்ததைச் சொன்னாள். ஜன்னலோரப் பிள்ளைக்கு விக்கல் என்று திரும்பாமலே தண்ணீர் குடிக்கச் சொன்னாள். தாளாளர் போகும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார். அவளுக்கு அவர் செருப்புச் சத்தம் பெரிய கேட் வரை கேட்டது.

பகலில் மின்சாரம் போகும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறியது. அவர் நேரம் மாறவில்லை. பன்னிரண்டு மணிக்கு வகுப்பில் பிள்ளைகளைத் தலைகுனிந்து படுக்க வைப்பாள். நாற்காலியில் உட்காருவாள். அவர் வந்து குனிவார். கேட்பார். நாளைக்கு என்பாள். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. சில நாள் நன்றி சொன்னார்.

சார்லஸ் எதுவும் கேட்பதில்லை. அவள் காதில் மிஷின் இல்லாத இடது பக்கமாகப் பார்த்துத்தான் படுப்பான். பழைய சாமான் வாங்குவதை விட்டுவிட்டான். வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. அவள் அதற்காக வருந்தவில்லை. பேசுவதில் எது பொய் என்று இனி யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

டிசம்பரில் ஒரு காலை, மழை விட்டிருந்தது. மிஷினைக் கழற்றி, காதுக்குள் செருகும் அச்சைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, தலை வாரக் கண்ணாடி முன்னால் நின்றாள். வலது காதுத் துவாரத்திலிருந்து ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

மயிர். வெள்ளையாக, முரடாக, வயதான ஆண்களின் காதில் முளைப்பதுபோல் ஒரு கொத்து.

இரண்டு விரலால் பிடித்தாள். இழுத்தாள்.

அவளுக்கு வலிக்கவில்லை.

வலியில் யாரோ "ஸ்" என்று மூச்சை இழுத்தது மட்டும், மிஷின் இல்லாத அந்தக் காதுக்கு, மிகத் தெளிவாகக் கேட்டது.